பல்வரிசை கண்ட மேதை எட்வர்டு ஆங்கிள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

அடையாள அட்டைக்குப் புகைப்படம் எடுக்கும் நாளில் நம் கல்லூரித் தாழ்வாரத்தில் ஒரு காட்சியைக் காணலாம். வரிசையில் நிற்கும்வரை வாய்விட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த நண்பர்களுள் சிலர், கேமராவின் முன் அமர்ந்ததும் உதடுகளை இறுக மூடிக்கொள்வார்கள். அவர்கள் கோபக்காரர்கள் அல்லர். கவலையில் மூழ்கியவர்களும் அல்லர். பல்வரிசை சற்றுக் கோணலாக அமைந்துவிட்டது, அவ்வளவே காரணம். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். தெற்றுப்பல் அழகு என்று சொல்வாரும் உண்டு. எனக்கு அது ஒரு தெற்றுப்பல்லோடு நிற்கவில்லை. கீழ்வரிசையில் நான்கு பற்கள், காலை நேரப் பேருந்தில் படியருகே நிற்பவர்களைப் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன.

என் தாயாருக்கும் அப்படியே. அவர் சிரிக்கும்போதெல்லாம் முந்தானையால் வாயை மறைத்துக்கொள்வார். நெடுங்காலம் அதை நான் நாணம் என்றே எண்ணியிருந்தேன்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்த ஒரு நாள், பல் மருத்துவ நிலையம் ஒன்றின் விளம்பரப் பலகை கண்ணில் பட்டது. வெளியே தெரியாத செராமிக் கிளிப் அங்குப் போடப்படும் என்று அதில் கண்டிருந்தது. பீங்கான் வகையைச் சேர்ந்த ஒரு சிறு துண்டு, எலும்பில் ஊன்றி நிற்கும் பல்லை எவ்வாறு நகர்த்தும்? இயற்பியல் மாணவனுக்கு இந்த ஐயம் எழுவது இயல்பே. விடை தேடிப் படிக்கப் படிக்க, எல்லாப் பாதைகளும் ஒரே மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. அம்மனிதர் செராமிக் கிளிப்பைக் கண்ணால் கண்டவர் அல்லர். அது விற்பனைக்கு வருவதற்கு 57 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்தவர். ஆயினும் இன்று உலகில் கிளிப் அணிந்திருக்கும் பல்லாயிரம் வாய்களில் அவருடைய சிந்தனை குடியிருக்கிறது. அவர்தான் பல் சீரமைப்பு மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்படும் எட்வர்டு ஹார்ட்லி ஆங்கிள். அவர்தம் வாழ்வைச் சுருக்கமாகக் காண்போம்.

உழவர் வீட்டுப் பிள்ளை

அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹெரிக் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே ஓர் உழவர் குடும்பத்தில் 1855ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் ஆங்கிள் பிறந்தார். உடன்பிறந்தோர் எழுவருள் அவர் ஐந்தாமவர். பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டம் குறைவு. ஆனால் கையில் ஒரு கருவியைக் கொடுத்துவிட்டால் போதும், நேரம் போவதே தெரியாது. மரமோ இரும்போ, எதையும் அறுத்து, இழைத்து, பொருத்தி ஒன்றைச் செய்து முடிப்பதில் அவருக்கு இயல்பான தேர்ச்சி இருந்தது.

பிள்ளையின் இந்தக் கைத்திறனைக் கண்டுகொண்டவர் அன்னையார். பதினெட்டு வயதளவில் உள்ளூர்ப் பல் மருத்துவர் ஒருவரிடம் அவரைத் தொழில் பழக அனுப்பினார். அக்காலப் பல் மருத்துவம் பெரிதும் கைவேலையே. சொத்தைப் பல்லைப் பிடுங்குவது, குழியை அடைப்பது, பல்செட் செய்வது ஆகியவற்றில் மருத்துவரின் அறிவுக்கு இணையாகத் தட்டாரின் விரல்களும் தேவைப்பட்டன. ஆங்கிளுக்கு அந்த விரல்கள் இருந்தன. பின்னர் பிலடெல்பியா நகரில் இருந்த பென்சில்வேனியா பல் அறுவைக் கல்லூரியில் பயின்று 1878ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பிறந்த ஊருக்கு அருகில் டொவாண்டா என்னும் ஊரில் தொழில் தொடங்கினார்.

கோணல் பற்களைச் சீராக்கும் முயற்சி அன்று புதியதன்று. பிரான்சு நாட்டின் பியர் ஃபோஷார் 1728ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வளைந்த உலோகப் பட்டையோடு பற்களை நூலால் கட்டி இழுக்கும் முறையை விளக்கியிருந்தார். ஆங்கிளின் காலத்தில் அமெரிக்காவிலேயே கிங்ஸ்லி, ஃபாரர் போன்றோர் இத்துறையில் உழைத்துக்கொண்டிருந்தனர். எனினும் பொதுவான முறை என்று ஒன்று உருவாகியிருக்கவில்லை. ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு நோயாளிக்கும் தம் மனத்தில் தோன்றிய கருவியைச் செய்து பொருத்திப் பார்த்தார். ஒருவருக்குப் பலித்தது மற்றவருக்குப் பலிக்கவில்லை. ஏன் பலித்தது, ஏன் பலிக்கவில்லை என்று சொல்ல எவராலும் இயலவில்லை. வாய்க்குள் நடப்பது வெறும் ஒழுங்கின்மையா, அல்லது அந்த ஒழுங்கின்மைக்குள்ளும் ஓர் ஒழுங்கு மறைந்திருக்கிறதா? இந்த வினாவே ஆங்கிளின் வாழ்நாள் வினா ஆயிற்று.

பனியில் அழிந்த மந்தை

தொழில் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே நுரையீரல் நோய் அவரை வாட்டியது. தூய காற்றை நாடி மேற்கே மின்னசோட்டா மாநிலத்திற்குச் சென்றார். உடல் சற்றுத் தேறியதும், பல் மருத்துவத்தையே விட்டுவிட்டு மான்டானாவில் ஆட்டுப் பண்ணை வைத்தார். அங்கு வந்த கடுங்குளிர் காலம் அவருடைய மந்தையை அழித்துவிட்டது. போட்ட முதல் பனியோடு போயிற்று.

புயலிலும் வெள்ளத்திலும் விளைந்த பயிரைப் பறிகொடுக்கும் நம் மாவட்டத்து மக்களுக்கு இந்த இழப்பின் வலியை விளக்கத் தேவையில்லை. ஆங்கிள் மனம் ஒடிந்து அங்கேயே கிடக்கவில்லை. மினியாபொலிஸ் நகருக்குத் திரும்பி மறுபடியும் பல் மருத்துவக் கருவிகளைக் கையில் எடுத்தார். அங்கிருந்த மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் பொறுப்பும் கிடைத்தது. அந்த மந்தை பிழைத்திருந்தால் உலகம் ஓர் ஆட்டுப் பண்ணையாரைப் பெற்றிருக்கும். ஓர் அறிவியல் துறை தன் தந்தையை இழந்திருக்கும்.

1887ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் ஒன்பதாவது உலக மருத்துவ மாநாடு கூடியது. முப்பத்திரண்டு வயதான ஆங்கிள் அங்கே தம் முறையை எடுத்துரைத்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கருவி செய்வதை விடுத்து, எவர் வாய்க்கும் பொருந்துமாறு இணைக்கத்தக்க சில அடிப்படை உறுப்புகளை முன்கூட்டியே அளவாகச் செய்து வைத்துக்கொள்ளலாம் என்பதே அவர் கருத்து. திருகாணி, சிறு குழாய், பல்லைச் சுற்றும் பட்டை, கம்பி ஆகியவற்றைச் சேர்க்கும் விதத்தால் வேண்டிய விசையைப் பெறலாம் என்று காட்டினார். பொன்னுக்குப் பதிலாகச் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த ஜெர்மன் சில்வர் என்னும் மலிவான உலோகத்தையும் பயன்படுத்தினார். மூத்தோர் பலர் இதை ஏற்கவில்லை. அவையில் கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பைக் கண்டு அவர் பின்வாங்கவில்லை. அவ்வாண்டில் சிறு அளவில் வெளிவந்த அவருடைய நூல், திருத்தமும் பெருக்கமும் பெற்று 1907ஆம் ஆண்டில் ஏழாம் பதிப்பை எட்டியது. இதற்கிடையில் பல் பிடுங்குதல், அடைத்தல் முதலிய பொதுத் தொழிலை முற்றிலும் கைவிட்டு, பல்வரிசையைச் சீராக்கும் பணி ஒன்றையே மேற்கொண்டார்.

ஆறு வயதுப் பல் சொன்ன செய்தி

ஆங்கிளின் அரும்பணிகளுள் முதலிடம் பெறுவது 1899ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட வகைப்பாடு ஆகும். தாவரங்களை லின்னேயஸ் வகைப்படுத்தியதையும், தனிமங்களை மெண்டலீஃப் அட்டவணைப்படுத்தியதையும் நாம் பாடத்தில் படிக்கிறோம். கோணல் பற்களுக்கு அத்தகைய பணியைச் செய்தவர் ஆங்கிள்.

நமக்கு ஆறு வயதாகும்போது, பால்பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கிறது. அது விழுந்து முளைக்கும் பல்லன்று, முளைத்தது முளைத்ததுதான். மேல்தாடையில் உள்ள அந்தப் பல்லையே ஆங்கிள் அளவுகோலாகக் கொண்டார். வாயை இயல்பாக மூடும்போது அதன் முன்பக்க மேடு, கீழ்க் கடைவாய்ப்பல்லின் பள்ளத்தில் சரியாகப் பொருந்த வேண்டும். அது பொருந்தியும் மற்றப் பற்கள் நெருக்கியோ திரும்பியோ நின்றால் முதல் வகை. கீழ்ப்பல் உரிய இடத்திற்குப் பின்னே தங்கிவிட்டால் இரண்டாம் வகை. மேல்பற்கள் முன்னே எடுப்பாகத் தெரியும் வாய்கள் பலவும் இதில் அடங்கும். கீழ்ப்பல் முன்னே வந்துவிட்டால் மூன்றாம் வகை. கீழ்த்தாடை முன்தள்ளிய முகங்களை இதில் காணலாம்.

எத்தனை எளிமை! அதுவரை கண்ணுக்குத் தெரியும் முன்பற்களையே எல்லோரும் பார்த்தார்கள். ஆங்கிள் கண்ணுக்குத் தெரியாத கடைவாயைப் பார்த்தார். கோணலைக் கண்டு மயங்காமல், மேலும் கீழும் எங்கே சந்திக்கின்றன என்று கேட்டார். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், விழுப்புரமாயினும் வியன்னாவாயினும் பல் சீரமைப்பு மருத்துவர் நோயாளியின் குறிப்பேட்டில் இந்த வகையைத்தான் எழுதுகிறார்.

பள்ளியும் துணைவியும்

பல் மருத்துவக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் இத்துறைக்குப் போதிய இடம் இல்லை என்று ஆங்கிள் வருந்தினார். வருந்தியதோடு நில்லாமல் 1900ஆம் ஆண்டில் செயிண்ட் லூயிஸ் நகரில் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கினார். பல் மருத்துவத்தில் பட்டம் பெற்றவர்களுக்கு இந்த ஒரு துறையை மட்டும் கற்பித்த பள்ளி அது. அக்காலத்திலேயே அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கமும் உருவாயிற்று. அதன் முதல் தலைவரும் அவரே.

அப்பள்ளியில் நடந்த ஒன்று என் உள்ளத்தைத் தொட்டது. அழகிய முகத்திற்கு இலக்கணமாக, கிரேக்கரின் அப்பல்லோ சிலையை ஆங்கிள் மனத்தில் கொண்டிருந்தார். எல்லா முகங்களையும் அளக்கத்தக்க ஓர் அழகு விதி கிடைக்குமா என்று எட்மண்ட் வுயர்பெல் என்னும் ஓவிய ஆசிரியரை அணுகிக் கேட்டார். அப்படி ஒரு விதி இல்லை என்பதை அந்த ஓவியர் அவருக்கு எடுத்துரைத்தார். மனித இனத்தில் முகங்கள் பல; ஒவ்வொரு முகத்திற்கும் அதற்குரிய இசைவு உண்டு; ஒரு சிலையின் மூக்கையும் உதட்டையும் எல்லோருக்கும் பொருத்த இயலாது என்று உணர்த்தினார். ஆங்கிள் அந்த ஓவியரையே தம் பள்ளியில் பாடம் நடத்த அழைத்துக்கொண்டார். தம் கருத்தை மறுத்தவரை ஆசிரியராக்கியது பெருந்தன்மை அன்றோ!

அன்னா ஹாப்கின்ஸ் என்னும் அம்மையார் அவருக்குச் செயலராக வந்து சேர்ந்தார். ஆங்கிளின் ஊக்கத்தால் ஐயோவா பல்கலைக்கழகத்தில் பயின்று பல் மருத்துவரானார். 1908ஆம் ஆண்டில் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். ஆங்கிளின் எழுத்துப் பணியிலும் பள்ளிப் பணியிலும் பாதிச் சுமையைத் தாங்கியவர் அவரே. பெண்கள் பல் மருத்துவம் பயில்வது அரிதாக இருந்த காலம் அது என்பதை நம் கல்லூரி மாணவியர் நினைவிற் கொள்க.

சிறு பள்ளத்தில் ஒரு பெரிய உண்மை

ஓய்வு நாடி கலிபோர்னியாவின் பாசடீனா நகருக்குச் சென்ற பின்னரும் மாணவர்கள் அவரைத் தேடி வந்தனர். அவர் வீட்டுத் தோட்டத்திலேயே பள்ளிக்கு ஒரு கட்டடத்தை எழுப்பித் தந்தனர். அங்கேதான், எழுபதாம் வயதில், தம் கருவிகளுள் தலைசிறந்ததை அவர் உருவாக்கினார்.

அதற்குமுன் அவர் செய்த கருவிகள் பல. பற்களைச் சுற்றி ஒரு வில்கம்பியை வைத்துக் கட்டிய கருவி, பல்லைச் சாய்த்து இழுத்ததே தவிர வேரை அசைக்கவில்லை. அடுத்தடுத்துச் செய்த கருவிகளில் ஒவ்வொரு குறையாக நீக்கி வந்தார். 1925ஆம் ஆண்டில் அறிமுகமான எட்ஜ்வைஸ் என்னும் கருவியில் விடை கிடைத்தது. ஒவ்வொரு பல்லின் பட்டையிலும் ஒரு சிறு பிடிப்பு. அதன் முகப்பில் செவ்வகப் பள்ளம். அளவு 0.022 அங்குலத்துக்கு 0.028 அங்குலம். அதற்குள் செவ்வகக் கம்பியை விளிம்புப் பக்கமாகச் செலுத்தினார்.

இதில் என்ன சிறப்பு? வட்டமான பூட்டுத் துளையில் வட்டக் கம்பியை நுழைத்துத் திருப்பினால் கம்பி வெறுமனே சுழலும். தட்டையான பள்ளத்தில் திருப்புளியை வைத்துத் திருப்பினால் திருகாணி சேர்ந்து சுழலும். அதுபோலவே, செவ்வகக் கம்பியை முறுக்கிப் பள்ளத்தில் பொருத்தினால், அது பழைய நிலைக்குத் திரும்ப முயலும் ஆற்றல் பல்லின் வேர் வரை சென்று சேர்கிறது. நாம் ஆய்வகத்தில் படிக்கும் மீட்சித் தன்மையும் முறுக்கு விசையுமே இங்கு வேலை செய்கின்றன. பல்லை உள்ளே, வெளியே, மேலே, கீழே நகர்த்தவும், திருப்பவும், வேரைச் சாய்க்கவும் ஒரே கருவி போதும் என்றாயிற்று.

விசை கொடுத்தவுடன் பல் எலும்பைக் கிழித்துக்கொண்டு போவதில்லை. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்த்திசு ஒன்று உள்ளது. மென்மையான விசை தொடர்ந்து அழுத்தும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலை செய்கின்றன. இழுபடும் பக்கத்தில் எலும்பைக் கட்டும் செல்கள் புது எலும்பை இடுகின்றன. பல் நகர நகர எலும்பும் உருமாறுகிறது. மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்பதே இப்பயணத்தின் வேகம். அவசரப்பட்டு விசையைக் கூட்டினால் வேரே தேய்ந்து போகலாம். எனவேதான் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் பொறுமை தேவைப்படுகிறது.

குறையும் நிறைவும்

எந்த மேதையும் குறையற்றவர் அல்லர். இயற்கை அளித்த முப்பத்திரண்டு பற்களும் தாடையில் இருந்தே தீர வேண்டும். சீரமைப்பிற்காக ஒரு பல்லையும் பிடுங்கலாகாது என்பது ஆங்கிளின் கொள்கை. கால்வின் கேஸ் போன்ற அறிஞர்கள் சில வாய்களில் இடம் போதாது என்று வாதிட்டபோது அவர் செவிசாய்க்கவில்லை. தம் முறையைவிட்டு விலகும் மாணவரை அவர் எளிதில் பொறுத்துக்கொண்டவரும் அல்லர். ஆனால் அவரிடமே பயின்ற அமெரிக்கர் சார்லஸ் ட்வீடும், ஆஸ்திரேலியர் ரேமண்ட் பெக்கும், பல் எடுக்காமல் சீராக்கிய வாய்கள் சில மீண்டும் கோணலாவதைக் கண்டனர். தேவைப்படும் இடத்தில் பல் எடுத்துச் சீராக்கும் முறையைப் பிற்காலத்தில் நிலைநாட்டினர். ஆசிரியரின் கருவியைக் கொண்டே ஆசிரியரின் பிழையைத் திருத்தினார் ட்வீடு. அறிவியலில் குருபக்தி என்பது இதுதான் போலும்!

1930ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள், தம் எழுபத்தைந்தாம் வயதில், கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் ஆங்கிள் காலமானார். மறு ஆண்டு முதல் அவர் பெயர் தாங்கிய ஆய்விதழ் வெளிவரலாயிற்று. அது இன்றும் வெளிவந்துகொண்டிருக்கிறது.

மறைந்திருக்கும் கிளிப்

ஆங்கிளின் கருவியில் ஒவ்வொரு பல்லையும் உலோகப் பட்டை சுற்றியிருக்கும். வாயைத் திறந்தால் பல்லைவிட உலோகமே மிகுதியாகத் தெரியும். பல் சீராகும்வரை மனம் கோணித்தான் இருக்க வேண்டியிருந்தது. 1955ஆம் ஆண்டில் புவோனோகோர் என்னும் அமெரிக்க அறிஞர், பல்லின் எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் பற்றிக்கொள்ளும் என்று கண்டறிந்தார். அதன் பயனாகப் பட்டை போய், சிறு உலோகப் பிடிப்பைப் பல்லின் முகப்பில் ஒட்டும் முறை பரவியது. பிளாஸ்டிக்காலும் செய்து பார்த்தனர். அது கறைபடிந்தது, விசைக்கு வளைந்தும் கொடுத்தது.

தீர்வு வந்த வழி வியப்புக்குரியது. வெப்பத்தைத் தேடிச் செல்லும் ஏவுகணைகளின் உணர்கருவிக்கு ஒளி புகும் உறுதியான உறை வேண்டி, அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவும் செராடைன் என்னும் நிறுவனமும் அலுமினியம் ஆக்சைடைக்கொண்டு ஒரு செராமிக் பொருளை உருவாக்கியிருந்தன. பல் மருத்துவக் கருவி செய்யும் யூனிடெக் நிறுவனம் அதை நாடிப் பெற்று, 1987ஆம் ஆண்டில் செராமிக் கிளிப்பை விற்பனைக்குக் கொணர்ந்தது. போர்க்கருவிக்கெனப் பிறந்த பொருள் புன்னகைக்குப் பயன்பட்டது. ஒளி ஊடுருவும் தன்மையால் பின்னுள்ள பல்லின் நிறமே அதன் வழியே தெரிகிறது. சற்றுத் தொலைவில் நிற்பவர்க்குக் கிளிப் கண்ணில் படுவதில்லை.

நன்மை இருக்கும் இடத்தில் எச்சரிக்கையும் வேண்டும். செராமிக் மிகக் கடினமானது. ஆனால் வளையாது, உடையும். எதிர்வரிசைப் பல் அதன்மேல் உரசினால் பல்தான் தேயும். கம்பி அதில் வழுக்கிச் செல்வது எஃகில் செல்வதைவிடக் கடினம். கழற்றும்போது எனாமலுக்குத் தீங்கு நேராதபடி மருத்துவர் கவனமாக இருக்க வேண்டும். கிளிப் கறைபடியாது, ஆனால் கம்பியை அதில் கட்டும் நிறமற்ற ரப்பர் வளையங்கள் நம் சாம்பாரின் மஞ்சளில் சில நாள்களிலேயே மஞ்சளாகிவிடும். விலையும் எஃகைவிட மிகுதி. எதைப் போட்டாலும், கழற்றிய பின் பற்கள் பழைய இடத்திற்குத் திரும்பாதிருக்க ரீடெய்னர் என்னும் தாங்கியை மருத்துவர் சொல்லும்வரை அணிய வேண்டும்.

இவ்வளவும் படித்த பின் ஓர் உண்மை எனக்கு விளங்கிற்று. செராமிக்கானாலும் எஃகானாலும் நடுவே ஓடுவது அதே செவ்வகப் பள்ளம். 1925ஆம் ஆண்டில் பாசடீனாத் தோட்டத்தில் ஆங்கிள் வகுத்த 0.022 அங்குலம் இன்றும் வழக்கில் உள்ளது. மறைப்பது வெளிப்பூச்சு, நகர்த்துவது அந்தப் பள்ளமும் கம்பியும் காலமுமே.

நம் நாட்டில்

இந்தியாவில் பல் மருத்துவக் கல்விக்கு வித்திட்டவர் டாக்டர் ரஃபியுதீன் அகமது. ஆங்கிளின் துணைவியார் பயின்ற அதே ஐயோவா பல்கலைக்கழகத்தில் 1915ஆம் ஆண்டில் பட்டம் பெற்று, 1920ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தம் சொந்த முயற்சியால் நிறுவினார். பின்னாளில் அதை அரசுக்கே வழங்கினார். 1948ஆம் ஆண்டில் பல் மருத்துவர் சட்டம் வந்தது. 1953ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் பிரிவாகப் பல் மருத்துவக் கல்வி தொடங்கிற்று. அதுவே இன்றைய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி. இன்று சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. நம் பக்கத்தவர்க்குச் சிதம்பரமும் புதுச்சேரியும் தொலைவில்லை. செலவுக்கு அஞ்சி வாயை மூடிக்கொள்ளும் நண்பர்கள், முதலில் அத்தகைய இடங்களுக்குச் சென்று கேட்டறிவது நலம்.

நானும் சென்று கேட்டேன். என்னுடையது ஆங்கிளின் முதல் வகை. செராமிக்கா, எஃகா என்று மருத்துவர் வினவினார். நாள்தோறும் பலர்முன் நின்று பேசும் பணியில் இருப்போர் செராமிக்கை நாடுவது முறையே. அதில் குறை காண ஒன்றுமில்லை. நான் எஃகையே கேட்டேன். செலவு ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. இத்தனை நாள் கையால் மறைத்தாயிற்று; இனி எதைக் கொண்டும் மறைக்க வேண்டாம் என்று தோன்றியது.

வீட்டில் செய்தியைச் சொன்னபோது, எலும்பும் ஈறும் உறுதியாக இருந்தால் எந்த வயதினரும் பல்லைச் சீராக்கிக்கொள்ளலாம் என்று மருத்துவர் கூறியதையும் தாயாரிடம் சொன்னேன். இந்த வயதில் எனக்கெதற்கு என்று அவர் சிரித்தார். வழக்கம்போல் முந்தானை வாய்க்குப் போயிற்று. பாதி வழியில் அதை நிறுத்தி, கீழே விட்டுவிட்டார்.